‘கூலி வேலை’ என்று மட்டும் சொல்லாதீர்கள்

மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொருவருடைய புறநோயாளிச் சீட்டிலும் பெயர், வயது, ஊர் ஆகியவற்றுக்கு அடுத்துத் தொழிலைக் குறிப்பிட ஓர் இடம் உண்டு. திண்டிவனம், மரக்காணம், வானூர், விக்கிரவாண்டி வட்டாரங்களிலிருந்து வருவோர் பலரின் சீட்டில் அந்த இடத்தில் ‘கூலி’ என்ற ஒரே சொல்தான் காணப்படும். வயலில் களை பறிப்பவர் கூலி. கல்குவாரியில் பாறையைத் துளையிடுபவரும் கூலி. கிரஷரில் ஜல்லி அள்ளுபவரும், உப்பளத்தில் உப்பு வாருபவரும், கிரானைட் பலகையை இயந்திரத்தால் அறுப்பவரும் கூலிதான். சீட்டைப் பார்க்கும் மருத்துவருக்கு இவர்கள் அனைவரும் ஒரே தொழிலினராகவே தோன்றுவர். ஆனால் இவர்களுடைய நுரையீரலும் சிறுநீரகமும் கண்ணும் தோலும் வெவ்வேறு தொழில்களைச் செய்து வந்தவை. நோயின் காரணத்தை அறிய உதவும் முதல் தடயம் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்துபோகிறது.

இந்தக் குறை புதியதன்று. இத்தாலியின் மொதேனா நகரில் மருத்துவப் பேராசிரியராக விளங்கிய பெர்னார்தினோ ராமத்சினி, 1700ஆம் ஆண்டில் தொழிலாளர்களுக்கு வரும் நோய்களைப் பற்றித் தனி நூல் ஒன்றை வெளியிட்டார். நோயாளியிடம் கேட்கவேண்டிய கேள்விகளைப் பழைய கிரேக்க மருத்துவர்கள் வகுத்திருந்தனர். அவற்றோடு இன்னும் ஒன்றைச் சேர்க்கவேண்டும் என்றார் ராமத்சினி: நீ என்ன தொழில் செய்கிறாய்? முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும், கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் அந்தக் கேள்வி கேட்கப்படாமலே பல நாள்கள் கழிகின்றன. மருத்துவர் கேட்க மறந்தாலும் நோயாளியோ உடன் வந்தவரோ தாமாகவே சொல்லிவிடலாம் அல்லவா? அவ்வாறு சொல்வதால் என்ன பயன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விழுப்புரம் மாவட்டத்தில் பிரம்மதேசம் என்னும் பெயரில் ஊர் இரண்டு உண்டு. எண்ணாயிரத்தை அடுத்துச் சோழர் காலக் கோயில்களோடு இருப்பது ஒன்று. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் இருப்பது மற்றொன்று. இரண்டாவது பிரம்மதேசத்தை நடுவாக வைத்துப் பார்த்தால், மேற்கே பெருமுக்கல் மலையும் கிழக்கே மரக்காணத்து உப்பளங்களும் தெற்கே வானூர் வட்டத்துக் கல்குவாரிகளும் கிரஷர்களும் அமைந்திருக்கின்றன. மழை பொய்க்கும் ஆண்டுகளில் இப்பகுதியின் பயிர்த்தொழிலாளர்கள் நாடிச் செல்வது கல்லையும் உப்பையும்தான். ஆகவே இவ்விரண்டு தொழில்களின் நோய்களைப் பற்றியே இங்குப் பேசுகிறோம். கல்லைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசவேண்டியிருக்கிறது.

வானூர் வட்டத்துத் திருவக்கரையில் கல்மரப் பூங்காவைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்த மரங்களின் நார்களுக்குள் நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா சிறுகச் சிறுகப் படிந்து, மரத்தின் வரிகள் அப்படியே இருக்க, மரம் முழுவதையும் கல்லாக்கிவிட்டது. அதே சிலிக்காதான், குவார்ட்ஸ் என்னும் படிக வடிவில், நம் மலைகளின் கருங்கல்லிலும் கலந்திருக்கிறது. பாறை பாறையாக இருக்கும்வரை அதனால் எவருக்கும் தீங்கில்லை. அதைத் துளைக்கும்போதும் வெடிக்கும்போதும் நொறுக்கும்போதும் அறுக்கும்போதும் எழும் தூசியே நோயைத் தருகிறது.

தூசி என்றதும் கண்ணுக்குத் தெரியும் வெண்புகையையே நாம் எண்ணுகிறோம். அதில் பெரும் பகுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியோடு வெளியேறிவிடும். அஞ்சவேண்டியது கண்ணுக்குத் தெரியாத நுண்தூசியை. மனிதத் தலைமுடியின் குறுக்களவு சுமார் எழுபது மைக்ரான் என்றால், நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை சென்று சேரும் துகள் ஐந்து மைக்ரானுக்கும் குறைவானது. தூசி அடங்கிவிட்டதாகத் தோன்றும் நேரத்திலும் அது காற்றில் மிதந்துகொண்டே இருக்கும். காற்றறைக்குள் நுழைந்த அந்நியப் பொருளை விழுங்கி அழிப்பதற்கென்று நம் உடலில் காவல் அணுக்கள் உள்ளன. அவை கிருமியைச் செரித்துவிடும்; சிலிக்காவைச் செரிக்க இயலாது. விழுங்கிய அணு சிதைந்து இறக்க, துகள் மீண்டும் வெளிப்பட, வேறோர் அணு அதை விழுங்கி இறக்கிறது. இவ்வாறு ஓயாமல் நிகழும் அழற்சியால் மெல்லிய பஞ்சுபோன்ற நுரையீரலில் சிறுசிறு தழும்பு முடிச்சுகள் உண்டாகின்றன. முடிச்சுகள் பெருகி ஒன்றோடொன்று இணையும்போது நுரையீரல் விரிந்து சுருங்கும் தன்மையை இழக்கிறது. இந்த நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர்.

இதில் கவனிக்கவேண்டிய கொடுமை காலத்தைப் பற்றியது. மிதமான தூசியில் வேலை செய்பவருக்குப் பத்து, இருபது ஆண்டுகள் கழித்தே மூச்சுத்திணறல் தொடங்கும். மிகுந்த தூசியில் இருப்பவருக்கு ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்குள் வரலாம். மூடிய இடத்தில் நீரின்றிக் கல்லை அறுப்பது, மணல் பீச்சுவது போன்ற வேலைகளில் சில மாதங்களிலேயே கடும் நோய் ஏற்பட்டதுண்டு. வேலையை விட்ட பிறகும் உள்ளே தங்கிய துகள் தன் வேலையை விடுவதில்லை. எனவே, ‘குவாரி வேலையை விட்டுப் பல வருடம் ஆயிற்றே’ என்று கருதி அதைச் சொல்லாமல் விடுவது சரியன்று. இருபது வயதில் மூன்றாண்டு ஜாக்ஹாமர் பிடித்தவர் நாற்பத்தைந்து வயதில் இளைக்க இளைக்க மருத்துவமனைக்கு வரும்போது, அந்த மூன்றாண்டே நோயை விளக்கும் செய்தியாக இருக்கக்கூடும்.

முற்காலத்தில் சம்மட்டியாலும் உளியாலும் கல்லை உடைத்தபோதும் தூசி இருந்தது. சிற்பிகளுக்கும் இந்த நோய் வருவதுண்டு. ஆனால் கம்ப்ரசர், ஜாக்ஹாமர், கிரஷர், மின்சார அறுப்புச் சக்கரம் ஆகியவை வந்தபின் ஒரு மணி நேரத்தில் எழும் நுண்தூசியின் அளவே வேறாகிவிட்டது. ஆற்றுமணலுக்குக் கட்டுப்பாடு வந்து எம்-சாண்டின் தேவை பெருகியதும் இதனோடு சேர்ந்துகொண்டது. ஜல்லிக்காக உடைப்பதைவிட மணலாக்குவதற்கு மிகவும் நுண்மையாகப் பொடிக்கவேண்டும். ஆற்றைக் காக்க எடுத்த முடிவு நல்லதே. அதன் சுமை கிரஷரில் நிற்பவரின் மார்பில் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது அம்முடிவின் ஒரு பகுதியாக இருந்திருக்கவேண்டும்.

தமிழருக்கு இந்த நோயோடு நெடிய உறவு உண்டு. 1880ஆம் ஆண்டு முதல் ஆங்கிலேய நிறுவனம் நடத்திய கோலார் தங்கவயலின் சுரங்கங்களில் உழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வட ஆற்காடு உள்ளிட்ட தமிழ் மாவட்டங்களிலிருந்து குடிபெயர்ந்தோர். தங்கம் இருந்தது குவார்ட்ஸ் பாறைக்குள். அதைத் துளைத்து மூன்று கிலோமீட்டருக்கும் கீழே அவர்கள் இறங்கினர். இந்தியாவில் சிலிக்கோசிஸ் முறையாக ஆராயப்பட்டது முதன்முதலில் அங்கேதான். 1940களில் நடந்த ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களில் பத்தில் நால்வருக்கு மேல் அந்நோய் காணப்பட்டது. சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. ‘அப்பாவுக்கு இளைப்பு’ என்று கூறிப் பழகிய தங்கவயல் குடும்பங்கள் இன்றும் பல ஊர்களில் உள்ளன. அக்குடும்பத்து முதியவர் எவரேனும் உங்கள் வீட்டில் இருந்தால், அந்தப் பணி வரலாற்றையும் மருத்துவரிடம் கூறுங்கள்.

இனி, நோயாளிகளின் குடும்பத்தார் ஊன்றிப் படிக்கவேண்டிய பகுதிக்கு வருவோம்.

சிலிக்கோசிஸின் அறிகுறிகள் காசநோயின் அறிகுறிகளை ஒத்திருக்கும். நீடித்த இருமல், எடை குறைதல், களைப்பு, வேலை செய்யும்போது மூச்சுவாங்குதல் ஆகியவை இரண்டிலும் உண்டு. எக்ஸ்ரே படத்திலும் இரண்டும் பெரும்பாலும் நுரையீரலின் மேற்பகுதியிலேயே புள்ளிகளாகத் தெரியும். தொழில் என்னவென்று அறியாத மருத்துவர், நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் காசநோயையே முதலில் எண்ணுவார், அது இயல்பு. சளியில் கிருமி இல்லாவிட்டாலும் படத்தை நம்பிச் சிகிச்சை தொடங்கப்படலாம். ஆறு மாதம் மருந்து உண்டபின்னும் மூச்சுத்திணறல் குறையாது. ‘மருந்தைச் சரியாக உண்ணவில்லையோ’ என்ற ஐயம் நோயாளியின்மேல் விழும். வேறு மருத்துவமனைக்குச் செல்வார். அங்கும் மறுபடி முதலிலிருந்து. இதற்கிடையே, சற்று உடல் தேறியதும் மீண்டும் அதே கிரஷருக்கு வேலைக்குப் போவார். நோய் எதுவென்று தெரியாததால் ஏற்படும் பெரும் இழப்பு இதுவே: வீணான மருந்தைவிட, தொடரும் தூசி மிகக் கேடானது.

ஆனால் இதைப் படித்துவிட்டு, ‘எனக்கு இருப்பது காசநோய் அன்று, கல்தூசி நோய்தான்’ என்று தாமே முடிவு செய்து மருந்தை நிறுத்திவிடுவது பேராபத்து. சிலிக்கா படிந்த நுரையீரல் காசநோய்க் கிருமிக்கு எளிதில் இடங்கொடுக்கும். சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். தூசியிலிருந்து விலகிய பிறகும் அந்த ஆபத்து நீடிக்கிறது. ஒருவருக்கு இரண்டு நோய்களும் சேர்ந்தே இருக்கலாம். அவ்வாறு இருந்தால் காசநோய் மருந்தின் கால அளவை மருத்துவர் நீட்டிக்கவும் நேரும். எனவே சளியை சிபிநாட் அல்லது ட்ரூநாட் முறையில் சோதித்துக் கிருமி உண்டா இல்லையா என்பதை உறுதிசெய்யவேண்டும். இச்சோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம். காசநோய் இல்லை என்று உறுதியான சிலிக்கோசிஸ் நோயாளிகளுக்கு, அது வராமல் தடுக்கும் மருந்தைத் தருவதற்கும் தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் வழிகாட்டுதல்களில் இடம் உண்டு. அதைப் பற்றி மருத்துவரிடம் கேட்கத் தயங்கவேண்டாம். காசநோய் உறுதியானால் ஊட்டச்சத்துக்கென மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் சேரும் உதவியும் உள்ளது.

அப்படியானால் மருத்துவரிடம் எதைச் சொல்வது? ‘கல்குவாரியில் வேலை செய்தேன்’ என்பதே பெரிய உதவி. அதனினும் நன்று, அங்கு எந்த வேலை என்பது. துளையிட்டவரும், கிரஷரின் வாயருகே நின்றவரும், சல்லடையடியில் பொடி அள்ளியவரும், லாரி ஓட்டியவரும் ஒரே அளவு தூசியை மூச்சிழுப்பதில்லை. எத்தனை ஆண்டு, ஒரு நாளில் எத்தனை மணி நேரம், தண்ணீர் தெளித்து வேலை நடந்ததா, கூட வேலை செய்தவர்களில் வேறு எவருக்கேனும் இளைப்போ, இளவயது மரணமோ நேர்ந்ததா என்பவற்றையும் கூறலாம். கடைசிக் கேள்வியின் விடையைப் பெரும்பாலும் மனைவிமார்தான் நன்கு அறிந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அண்ணனும் அதே குவாரியில்தான் இருந்தார், அவரும் இப்படித்தான் இளைத்துப் போனார் என்று. அது வெறும் ஊர்க்கதை அன்று. மருத்துவக் குறிப்பில் ஏறவேண்டிய செய்தி.

தழும்பேறிய நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இன்றுவரை இல்லை. இதை மறைப்பதில் பயனில்லை. பெருந்தொகை வாங்கிக்கொண்டு நுரையீரலைக் ‘கழுவித் தருவதாக’ எவரேனும் சொன்னால் நம்பி ஏமாறவேண்டாம். அதேபோல், ஒன்றும் செய்வதற்கில்லை என்பதும் உண்மையன்று. தூசியிலிருந்து உடனே விலகுவது நோயின் வேகத்தைக் குறைக்கும் முதல் வழி. பீடியும் சிகரெட்டும் ஏற்கெனவே குறைந்துவிட்ட மூச்சை மேலும் குறைக்கும். சிலிக்கா நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997இலேயே வகைப்படுத்திவிட்ட நிலையில், அதனோடு புகையையும் சேர்ப்பது எத்தகைய கேடு என்று சொல்லவேண்டியதில்லை. காய்ச்சலையும் நிமோனியாவையும் தடுக்கும் ஊசிகள், மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துகள், தேவைப்படுவோருக்கு ஆக்சிஜன், இயன்முறை மருத்துவர் கற்றுத்தரும் மூச்சுப் பயிற்சிகள் ஆகியவற்றால் நோயாளி தம் அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் காலத்தை நீட்டிக்கமுடியும். மூக்கால் மெல்ல மூச்சிழுத்து, விளக்கை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து, இழுத்ததைப்போல் இரு மடங்கு நேரம் வெளிவிடுவது இவற்றுள் எளியது. படியேறும்போது இளைப்பு வந்தால் இதைச் செய்து பாருங்கள்.

குடும்பத்தில் இன்னொருவர் இன்னமும் அதே வேலைக்குச் சென்றுகொண்டிருந்தால், அவரைக் காப்பதே அவசரமான கடமை. முகத்தில் துண்டு கட்டிக்கொள்வது நம் ஊர் வழக்கம். அது வெயிலுக்கு உதவும்; ஐந்து மைக்ரான் துகளுக்குத் துண்டின் நெசவு திறந்த கதவு. அறுவைச் சிகிச்சை அறையில் அணியும் மெல்லிய முகக்கவசமும் போதாது. என்-95 வகைக் கவசம், முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தி, தூசி அடைத்ததும் மாற்றப்பட்டால் பயன் தரும். ஆயினும் கவசம் கடைசிக் காவலே. நடுப்பகல் வெயிலில் எட்டு மணி நேரம் அதை அணிந்துகொண்டு சம்மட்டி வீசச் சொல்வது, சொல்பவருக்கு எளிது. உண்மையான பாதுகாப்பு தூசி எழாமல் செய்வதில் இருக்கிறது: துளையிடும் முனையில் நீர் பாய்ச்சுதல், ஈரமாகவே அறுத்தல், கிரஷரையும் கன்வேயரையும் மூடி நீர்த்திவலை தெளித்தல், பொடியைத் துடைப்பத்தால் பெருக்காமல் நனைத்து அள்ளுதல். இவற்றில் எதுவும் புதிய கண்டுபிடிப்பு அன்று. ஈரத்துளையிடல் தங்கவயல் காலத்திலேயே அறியப்பட்ட முறை. இவற்றைச் செய்து தரவேண்டிய பொறுப்பு உரிமையாளருடையது. தொழிலாளி தன் பணத்தில் வாங்கிக்கொள்ளவேண்டியது அன்று.

வேலை உடையோடு வீட்டுக்கு வருவதையும் தவிர்க்கவேண்டும். தொழிற்சாலையின் நச்சு, உடையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு கசப்பான பாடம் உண்டு. கொடைக்கானலில் 1980களில் தொடங்கி 2001இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் தொழிலாளர்கள், பாதரசம் பட்ட உடையோடு வீடு திரும்பியதைப் பின்னாளில் எடுத்துரைத்தனர். நெடும் போராட்டத்துக்குப் பின் 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. கல்தூசி பாதரசம் போன்றதன்று. எனினும் தூசி படிந்த சட்டையைத் திண்ணையில் உதறுவதும், அதே உடையோடு குழந்தையைத் தூக்குவதும் வேண்டாம். வேலையிடத்திலேயே குளித்து உடை மாற்றிக்கொள்ள வசதி இருந்தால் மிக நன்று; இல்லையேல் உடையை உதறாமல் நேரே வாளித் தண்ணீரில் அமிழ்த்தித் துவைக்கவேண்டும்.

உப்பளத் தொழிலாளர்களுக்கு வருவோம். அவர்களுடைய எதிரி தூசியன்று, வெப்பம். கோடையே உப்பு விளையும் காலமாதலால், மற்றவர்கள் நிழல் தேடும் மாதங்களில்தான் அவர்களுக்கு வேலை மிகுதி. வானத்து வெயிலோடு வெண்ணிற உப்பிலிருந்து எதிரொளிக்கும் வெயிலும் சேர்ந்து தாக்குகிறது. கண்ணில் சதை வளர்வதும், இளவயதிலேயே புரை விழுவதும், உப்புநீரில் ஊறிய பாதங்களில் வெடிப்பும் புண்ணும் ஏற்படுவதும் அவர்கள் நன்கறிந்த தொல்லைகள். வெளியே தெரியாமல் கெடுவது சிறுநீரகம். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 350க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்து 2023இல் வெளியிட்ட முடிவுகளின்படி, மிகப் பெரும்பாலோர் பாதுகாப்பான வரம்பைக் கடந்த வெப்பத்தில் வேலை செய்தனர். நூற்றுக்கு ஏழு பேரிடம் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. நாள்தோறும் உடல் வறண்டு, நாள்தோறும் கடுமையாக உழைக்கும்போது, சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ இல்லாதவருக்கும் இந்நிலை வரலாம் என்பதே கவலைக்குரியது.

பெண்களின் நிலை இன்னும் கடினம். கழிப்பறை இல்லாத இடத்தில் வேலை செய்பவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்றும் சிறுநீரகப் பாதிப்பும் அங்கிருந்தே தொடங்குகின்றன. கழிப்பறை கட்டுவது ஒரு மருத்துவச் செயல் என்பதை எந்த மருந்துச் சீட்டிலும் எழுத இயலாமல் இருப்பது வருத்தமே. வெயிலில் கடுமையாக உழைப்பவர் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் கால் மணி அல்லது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை நீர் பருகுவது நல்லது. மோரும் நீராகாரமும் ஏற்றவை. இதயமோ சிறுநீரகமோ ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர் மட்டும் நீரின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும். மாலையில் உடல்வலிக்காகக் கடையில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரை, வறண்ட உடலில் சிறுநீரகத்தை நேரடியாகத் தாக்கும். உப்பளத்துக்குச் செல்பவர் வீட்டில் வலி மாத்திரை வழக்கமாகிவிட்டால், ஆண்டுக்கொரு முறையேனும் இரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்ப்பது அவசியம்.

சட்டத்தைப் பற்றியும் சில செய்திகள். கல்லை வெட்டி எடுக்கும் குவாரி சட்டத்தின் பார்வையில் சுரங்கம். அது ஜார்க்கண்டின் தன்பாத் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககத்தின் கண்காணிப்பில் வரும். அந்தக் கல்லை நொறுக்கும் கிரஷர் தொழிற்சாலை; அது தமிழ்நாடு அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் கீழ் வரும். ஒரே தூசியை மூச்சிழுக்கும் இருவரில் ஒருவர் ஓர் அலுவலகத்துக்கும் மற்றவர் வேறோர் அலுவலகத்துக்கும் மனு எழுதவேண்டிய விந்தை இது. எங்கு வேலை செய்தீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்வது இங்கும் உதவும். சிலிக்கோசிஸ் அரசுக்குத் தெரிவிக்கப்படவேண்டிய நோய்களில் ஒன்று. அதைக் கண்டறியும் மருத்துவர் உரிய அதிகாரிக்கு அறிக்கை அனுப்பக் கடமைப்பட்டவர். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் இருந்த இக்கடமை, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்பிலும் தொடர்கிறது.

இழப்பீட்டுக்கும் வழி உண்டு. விபத்தில் கை இழந்தவருக்கு இழப்பீடு கிடைக்கும் என்பதைப் பலரும் அறிவர். தொழிலால் வந்த நோயும் சட்டப்படி விபத்துக்குச் சமமாகவே கருதப்படுகிறது என்பதைச் சிலரே அறிவர். 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருந்த சிலிக்கோசிஸ், இப்போதைய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் பட்டியலிலும் உள்ளது. பல குவாரிகளில் மாறி மாறி வேலை செய்தவர், எந்த உரிமையாளரிடம் கேட்பது என்று கலங்கவேண்டியதில்லை; அவர்கள் ஒவ்வொருவரும் தரவேண்டிய பங்கை முடிவுசெய்யும் அதிகாரம் விசாரிக்கும் அலுவலருக்கு உண்டு. ஆனால் பொதுவாக இரண்டாண்டுகளுக்குள் கோரவேண்டும் என்பதால் காலந்தாழ்த்தக் கூடாது. மாதம் 21,000 ரூபாய்க்குள் ஊதியம் பெற்று இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்பட்டவர்களுக்கு அத்திட்டத்தின் வழியே மருத்துவமும் இயலாமைப் பயனும் கிடைக்கும், சென்னை கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் தொழில்நோய்களுக்கென்றே ஒரு மையம் உள்ளது. பிடித்தம் எதுவுமின்றி நாட்கூலியாக இருப்போரில் கல் உடைப்பவர்களும் செதுக்குபவர்களும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். பதிவை நோய் வருமுன் செய்வதே நல்லது.

வருகைப் பதிவேடே இல்லாத இடத்தில் வேலை செய்ததை எப்படி மெய்ப்பிப்பது என்ற கேள்வி எழும். 2016 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அளித்த ஓர் ஆணை இங்கு நினைக்கத் தக்கது. மத்தியப் பிரதேசத்தின் பழங்குடி மாவட்டங்களிலிருந்து குஜராத்தின் குவார்ட்ஸ் அரவை ஆலைகளுக்குச் சென்று, சிலிக்கோசிஸால் இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா மூன்று லட்ச ரூபாய் வழங்குமாறு குஜராத் அரசுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர்களும் எழுத்துச் சான்று ஏதுமற்ற கூலிகளே. தொண்டு அமைப்பினர் ஊர் ஊராகச் சென்று சேர்த்த விவரங்களும் மருத்துவச் சான்றுகளும்தான் அவர்களுக்காகப் பேசின. ராஜஸ்தான் அரசு 2019இல் இந்நோய்க்கென்றே தனிக் கொள்கை வகுத்து, சான்று பெற்ற நோயாளிக்கு மூன்று லட்சமும், அவர் இறந்தால் குடும்பத்துக்கு இரண்டு லட்சமும் வழங்குகிறது. கல்தொழில் நடக்கும் எந்த மாநிலமும் பின்பற்றத் தக்க ஏற்பாடு என்பது என் கருத்து.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை மருத்துவ ஆவணமே. ஆகவே பழைய எக்ஸ்ரே படங்களைக் கூரை இடுக்கில் செருகி வைக்காமலும், காயலான் கடைக்குப் போடாமலும், ஓர் உறையிலிட்டு ஈரம்படாத இடத்தில் தட்டையாக வையுங்கள். ஐந்தாண்டுக்கு முந்தைய படத்தை இன்றைய படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மருத்துவருக்கு, புதிய ஸ்கேன் ஒன்றைவிட அது சில வேளைகளில் கூடுதலாகச் சொல்லும். சளிப் பரிசோதனைச் சீட்டு, காசநோய் மருந்து உண்ட அட்டை, ஸ்பைரோமெட்ரி அறிக்கை, வெளிநோயாளிச் சீட்டுகள் ஆகியவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள். அவற்றின் மேலே ஒரு தாளில், வேலை செய்த குவாரி, கிரஷர் அல்லது உப்பளம் இருக்கும் ஊர், அங்கு செய்த வேலை, தொடங்கிய ஆண்டு, விட்ட ஆண்டு, உடன் வேலை செய்த இருவர் பெயர் ஆகியவற்றை எழுதி வையுங்கள். எழுத இயலாதவர்கள் பள்ளி செல்லும் பிள்ளையைக் கொண்டு எழுதிக்கொள்ளலாம். அடுத்த முறை வரும்போது அந்தத் தாளையும் உறையையும் கொண்டுவந்து, சீட்டுப் பதியும் இடத்தில் ‘தொழில்?’ என்று கேட்கும்போது தாளில் உள்ளதையே சொல்லுங்கள்.